பென்சில் கோட்டில் பாய்ந்த கம்பியூட்டர் – தெரியுமா?

பள்ளிக்கூடப் பிள்ளையின் பையில் கிடக்கிற சாதாரணப் பென்சில்தான். அதைக் கூராகச் சீவி, கம்பியூட்டரின் மூளையான புரொசசரின் மேல் எள்ளளவு நீளத்தில் நாலு கோடு இழுத்தால் பூட்டிக் கிடந்த வேகம் திறந்துகொள்ளும் என்றால் நம்புவீர்களா? கட்டுக்கதை இல்லை! 2000 ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. கம்பனி 'அத்லோன்', 'டியூரோன்' என்று இரண்டு சிப்களைச் சதுர வில்லை வடிவில் கடைக்கு இறக்கியது. அவற்றின் மேல்பரப்பில் 'எல் 1' என்ற பெயரில் நாலு குட்டிப் பாலங்கள். தொழிற்சாலையிலேயே லேசரால் அந்தப் பாலங்களை அறுத்துவிட்டார்கள், வாங்குகிறவன் வேகத்தை மாற்றிவிடக் கூடாதே என்று. ஆனால் பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட், அது மின்சாரத்தைக் கடத்தும். அறுந்த இடத்தில், கம்பியூட்டரை நோண்டும் பொழுதுபோக்குக்காரர்கள் பென்சிலைத் தேய்த்தார்கள். பாலம் ஒட்டிக்கொண்டது! லேசர் போட்ட பூட்டுக்குப் பென்சில் சாவி!

அடுத்த வருடமே கம்பனி விழித்துக்கொண்டது. 2001 இல் வந்த 'அத்லோன் எக்ஸ்.பி.'யில், பாலம் அறுத்த இடத்தில் குழியே விழுந்திருந்தது. பென்சிலைத் தேய்த்தால் தூள் குழிக்குள் இறங்கி அடியிலுள்ள செம்பில் பட்டுக் காரியம் கெடும். விட்டார்களா? சுப்பர் குளூவால் குழியை நிரப்பி, அது காய்ந்த பிறகு, கார்ப் பின்கண்ணாடியின் சூட்டுக் கம்பி அறுந்தால் பூசுகிற மின்கடத்தும் மையை அதன்மேல் பூசினார்கள். மறுபடி பாலம், மறுபடி வேகம்!

இப்படி ஒரு புரொசசரை, அதன்மேல் அச்சிட்டிருக்கிற எண்ணைவிட வேகமாக ஓட வைப்பதற்குத்தான் ஓவர்குளொக்கிங் என்று பெயர். சரி, ஓடுகிற சிப்பை ஏன் மெதுவாக ஓடும் என்று எழுதி விற்கவேண்டும்? இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போகத் தேவையில்லை. வட்டவளைக்கும் அட்டனுக்கும் நடுவே, றொசல்ல ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்குள் ஒரு நடை போய்வந்தால் போதும்.

ஒரே மலையில், ஒரே நாளில், ஒரே கை பறித்த கொழுந்து. வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, காயவைத்துக் கடைசியில் சல்லடைக்குப் போகிறது. மேல் தட்டில் நின்றது ஒரு பெயர், அடுத்த தட்டில் நின்றது பி.ஓ.பி., அதற்கும் கீழே பி.ஓ.பி.எஃப்., எல்லாத் தட்டையும் தாண்டி விழுந்தது டஸ்ட். மூட்டைக்கு மூட்டை எழுத்து மாறுகிறது, கொழும்பு ஏலத்தில் விலை மாறுகிறது. செடி ஒன்றுதான்!

புரொசசரும் அப்படியே பிறக்கிறது, தெரியுமா? சாப்பாட்டுத் தட்டைப் போன்ற ஒரு சிலிக்கன் வட்டத்தில் நூற்றுக்கணக்கான சிப்கள் ஒன்றாக அச்சாகின்றன. பிறகு அறுத்து, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறார்கள். இவ்வளவு வேகத்தில் தடுமாறாமல் ஓடியது இந்தக் கூடை, தடுமாறியது அடுத்த கூடை. கூடைக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு விலை. ஆனால் தேயிலைச் சல்லடை பொய் சொல்லாது, தூள் சின்னதென்றால் சின்னதுதான். சிப் சல்லடை சமயத்தில் தெரிந்தே பொய் சொல்லும்! தொழிற்சாலை கைதேர்ந்து எல்லாச் சிப்பும் நன்றாக வந்துவிட்டது, சந்தையோ மலிவுச் சிப்பைத்தான் கேட்கிறது என்றால் என்ன செய்வார்கள்? நல்ல சிப்பின் நெற்றியில் மலிவு எண்ணை அச்சடித்து அனுப்புவார்கள். பி.ஓ.பி.யை டஸ்ட் மூட்டையில் கட்டுவதுபோல. அந்த மூட்டையைக் கண்டுபிடிக்கிற வேட்டைதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர்.

வேட்டையில் விழுந்த மிகப் பெரிய மான் எது தெரியுமா? 1998 ஓகஸ்ட்டில் இன்டெல் வெளியிட்ட 'செலரோன் 300 ஏ'. விலை 149 டொலர், ஏழை வீட்டுச் சிப். அதே நாளில் வெளிவந்த பணக்காரச் சிப் 'பென்டியம் 2', 450 மெகாஹேர்ட்ஸ், விலை 669 டொலர். செலரோனின் கணக்கைப் பாருங்கள்: மதர்போர்ட் கொடுக்கிற துடிப்பு 66 மெகாஹேர்ட்ஸ், அதைச் சிப் நாலரையால் பெருக்கி 300 ஆக்குகிறது. நாலரையை மாற்ற முடியாது, அது பூட்டு. ஆனால் 66 ஐ 100 ஆக்கினால்? நாலரைத் தடவை 100, 450! பெரும்பாலான 300 ஏ சிப்கள் அந்த வேகத்தில் முனகாமல் ஓடின. அதுமட்டுமா, அதற்குள்ளேயே பதித்திருந்த 128 கிலோபைட் 'கேஷ்' நினைவகம் முழு வேகத்தில் வேலை செய்தது. பென்டியம் 2 இன் கேஷ் அளவில் பெரியது, ஆனால் பாதி வேகத்தில்தான் நடந்தது. பல விளையாட்டுகளில் ஏழை வீட்டுப் பிள்ளை பணக்காரப் பிள்ளைக்குச் சரிசமமாய் ஓடினான்! மதர்போர்ட் 100 தர மறுத்தால் அதற்கும் வைத்தியம் இருந்தது. சிப்பின் ஒரே ஒரு மின்முனையை, 'பி 21' என்பதை, ஒரு துண்டு டேப்பாலோ நெயில் பொலிஷாலோ மறைத்துவிட்டால் போர்ட் ஏமாந்து 100 ஐக் கொடுத்துவிடும்.

கம்பனிகள் எவ்வளவு தூரம் போயின என்று கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 1991 இல் இன்டெல் '486 எஸ்.எக்ஸ்.' என்ற சிப்பை விற்றது. அது உண்மையில் விலை கூடிய '486 டி.எக்ஸ்.'தான், தசமக் கணக்குப் போடும் பகுதியை மட்டும் செயலிழக்கச் செய்துவிட்டார்கள். பிறகு "தசமக் கணக்கு வேண்டுமா? '487' வாங்கிப் பக்கத்துக் குழியில் செருகுங்கள்" என்றார்கள். அந்த 487 க்குள் என்ன இருந்தது தெரியுமா? முழுசாக ஒரு 486 டி.எக்ஸ்.! செருகியதும் அது பழைய சிப்பைத் தூங்கவைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே செய்யும். முதல் சிப்புக்குக் கொடுத்த காசு, அது தூங்குவதற்குக் கொடுத்த காசு.

இதையும் தாண்டியது 2010 இல் நடந்தது. இன்டெல் ஒரு பென்டியம் சிப்பின் திறமைகளில் சிலவற்றைப் பூட்டிவைத்து, திறப்பதற்கு 50 டொலருக்குச் சுரண்டும் அட்டை விற்றது! நாம் போனுக்கு ரீலோட் கார்ட் வாங்கி நாணயத்தால் சுரண்டுவோமே, அச்சொட்டாக அதே மாதிரி. சுரண்டி எண்ணை அடித்தால் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய சிப்பின் மிச்சப் பகுதி விழித்துக்கொள்ளும். ஊர் உலகம் சிரித்த சிரிப்பில் அந்த யோசனை அதிக காலம் நீடிக்கவில்லை.

நேர்மையாக எழுதி விற்ற கதையும் உண்டு, சொல்லாமல் விட்டால் பாவம். 386 சிப்பின் ஆரம்ப காலத்தில், 32 பிட் பெருக்கலில் சில சிப்கள் பிழை விட்டன. இன்டெல் அவற்றைக் குப்பையில் போடவில்லை. '16 பிட் மென்பொருளுக்கு மட்டும்' என்று நெற்றியில் முத்திரை குத்தி விற்றது. சோதனையில் தேறியவற்றுக்கு இரண்டு சிக்மா எழுத்து! இன்று பழைய சிப் சேர்க்கிறவர்கள் இரண்டையும் தேடித்தேடி அலைகிறார்கள், பிழை விட்ட சிப்பையும்தான்.

நெற்றி என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய இன்டெல் புரொசசர் ஒன்று கையில் கிடைத்தால் மேலே பொடி எழுத்தில் 'மலாய்' என்று இருக்கிறதா பாருங்கள். அது மலேசியா! இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் தொழிற்சாலை 1972 இல் பினாங்குத் தீவில் எழுந்தது. வேறு நாடுகளில் அச்சான சிலிக்கன் பினாங்குக்கு வந்து, கூடு மாட்டி, சோதனை முடித்து, எண் குத்திக்கொண்டு புறப்படும். சல்லடை இருந்த ஊர்களில் அதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து அண்ணன் கண்டிச் சீமைக்குக் கொழுந்து பறிக்கவும், தம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு ரப்பர் வெட்டவும் பிரிந்துபோன காலம் ஒன்று இருந்தது. அந்தப் பினாங்கிலிருந்து முத்திரை குத்திய ஒரு சிப், நூறு வருடம் கழித்து லயத்து இஸ்தோப்பில் ஒரு பெடியனின் உள்ளங்கையில் கிடக்கிறதென்றால் சும்மாவா?

இன்னொரு வேடிக்கை. 1981 ஓகஸ்ட்டில் வந்த ஐ.பி.எம். கம்பியூட்டரின் வேகம் 4.77 மெகாஹேர்ட்ஸ். அதிலிருந்த 8088 சிப் 5 வரை ஓடக்கூடியது. ஏன் இந்த அரைகுறை 4.77? எல்லாம் கலர் டிவியால்! அமெரிக்கக் கலர் டிவிக்குத் தேவையான அதிர்வெண்ணின் நாலு மடங்கு, 14.318 மெகாஹேர்ட்ஸ். அந்தப் படிகம் மலிவாகக் கிடைத்தது. அதை மூன்றால் வகுத்தால் 4.77. ஒரே படிகத்தில் டிவிப் படமும் கம்பியூட்டர் துடிப்பும்! 1984 இல் ஐ.பி.எம். 'ஏ.டி.' என்ற அடுத்த மொடலை 6 மெகாஹேர்ட்ஸில் கொண்டுவந்ததும், ஆட்கள் மூடியைத் திறந்து 12 மெகாஹேர்ட்ஸ் படிகத்தைப் பிடுங்கிவிட்டு 16 ஐச் செருகினார்கள். பாதியாக வகுத்து 8 மெகாஹேர்ட்ஸ், மூன்றில் ஒரு பங்கு வேகம் இலவசம்! ஐ.பி.எம். சும்மா இருக்குமா? அடுத்து வந்த மெஷின்களில், வேகத்தை அளந்து பார்த்து "கூடிப்போச்சு" என்றால் இயங்கவே மறுக்கும் சோதனையை வைத்தது. ஓவர்குளொக்கிங்கும் அதைத் தடுக்கிற பொலிஸும் ஒன்றாகப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்!

பழைய பெட்டிகளில் 'டர்போ' என்று ஒரு பட்டன் இருக்குமே, அமுக்கினால் வேகமாகும் என்றுதானே நினைத்தோம்? அது வைக்கப்பட்டதே வேகத்தைக் குறைக்கத்தான்! பழைய விளையாட்டுகள் சிப்பின் துடிப்பை எண்ணியே நேரம் பார்த்தன. புது மெஷினில் போட்டால் ஆட்டம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் அடக்கி ஓட்ட ஒரு பட்டன்.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு மூலை உண்டு. 1956 இல் இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆர்தர் சி. கிளார்க், '2010' படத்துக்காக ஹொலிவூட் இயக்குநர் பீட்டர் ஹயம்ஸுடன் கொழும்பிலிருந்தபடியே டெலிபோன் கம்பி வழியாகக் கம்பியூட்டர் கடிதம் எழுதினார். ஆண்டு 1983! கையிலிருந்தது 'கேப்ரோ 2', அதன் மூளை 'இசட் 80' சிப், வேகம் வெறும் இரண்டரை மெகாஹேர்ட்ஸ். அந்தக் கேப்ரோவையும் சும்மா விட்டார்களா, அதை இரட்டிப்பு வேகத்தில் ஓட்டும் வித்தை அப்போதே பிரபலம். 1976 இல் பிறந்த அந்த இசட் 80 உற்பத்தியை நிறுத்துவதாக ஸைலொக் கம்பனி அறிவித்தது எப்போது தெரியுமா? 2024 இல்! நாற்பத்தெட்டு வருடச் சேவை. எந்தத் தொரைக்குக் கிடைத்தது அந்த சேர்விஸ்?

இனி மலைக்கு வருவோம். ஓவர்குளொக்கிங்கின் எதிரி சூடு. சூட்டின் கணக்கு கொஞ்சம் குரூரமானது. வேகம் கூடினால் சூடு அதே அளவு கூடும், மின்னழுத்தம் கூடினாலோ அதன் வர்க்கத்தில் கூடும். வேகத்தை 20 சதவீதம் ஏற்றி, அது தடுமாறாமலிருக்க மின்னழுத்தத்தை 10 சதவீதம் ஏற்றினால் சூடு 45 சதவீதம் எகிறும்! 2001 இல் ஒரு வீடியோ உலகையே சுற்றியது. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே புரொசசரின் மேலிருந்து சூட்டை உறிஞ்சும் ஹீட்சிங்க்கைக் கழற்றுகிறார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. அத்லோன்? சில நொடிகளில் புகை!

அப்படியானால் குளிர் ஊரில் இருக்கிற நமக்குக் கொண்டாட்டம்தானே என்பீர்கள். பாதி சரி. அட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம். இங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, 96 ஐ நெருங்கும்போதே கொதித்துவிடும். காரணம் காற்று மெலிந்திருப்பது. மெலிந்த காற்றுக்குச் சூட்டைச் சுமந்துபோகும் தெம்பும் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும், அது தள்ளுகிற காற்றின் எடை கொழும்பைவிடப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் குறைவு! நான் போட்ட மனக்கணக்கைச் சொல்கிறேன். கொழும்பில் அறை 29 பாகை, சிப் அதற்கு மேல் 40 ஏறினால் 69. இங்கே அறை 20 பாகை, மெலிந்த காற்றால் 40 க்குப் பதில் 44 ஏறினால் 64. மலை ஐந்து பாகையால் ஜெயித்துவிடுகிறது, காற்றுக்குக் கட்டவேண்டிய வரியையும் கட்டிவிட்டு.

ஆனால் மழை இருக்கிறதே! இலங்கையில் அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்று பக்கத்து வட்டவளை. மூடுபனி காம்பராவுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊரில், ஐஸ் வைத்துச் சிப்பைக் குளிரவைக்கப் பார்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது. அறையைவிட ஓரிரு பாகை குளிர்ந்தாலே மதர்போர்டில் வியர்வை பூத்துவிடும். ஐஸ் வைத்து ஓட்டும் சூரர்கள் சிப்பைச் சுற்றிலும் வாஸ்லின் தடவுகிறார்கள், பிசைகிற அழிறப்பரால் இண்டு இடுக்குகளை அடைக்கிறார்கள், நெயில் பொலிஷ் பூசுகிறார்கள். பென்சில், அழிறப்பர், வாஸ்லின், நெயில் பொலிஷ்! விஞ்ஞான ஆய்வுகூடமா, அக்கா தங்கையின் மேசையா?

அந்தச் சூரர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் தெரியுமா? 2022 டிசம்பரில் சுவீடன்காரரான எல்மோர், இன்டெல் சிப் ஒன்றைச் சைபருக்குக் கீழே 269 பாகைவரை குளிரக்கூடிய திரவ ஹீலியத்தில் நனைத்து 9,008 மெகாஹேர்ட்ஸ் வரை ஓட்டினார். உலகத்தில் முதன்முறையாக ஒன்பதாயிரம்! எனக்கு அதைவிட ஆச்சரியம் வேறொன்று. 2006 இல் வந்த 'செலரோன் டி 352' என்ற மலிவுச் சிப்பைத் திரவ நைதரசனில் வைத்து 8,500 க்கு மேல் ஓட்டியிருக்கிறார்கள்! கடையில் வாங்கும்போது அதன் வேகம் 3,200.

மெதுவான சிப்புக்கும் மரியாதை உண்டு. செவ்வாய்க் கிரகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் பெர்சிவியரன்ஸ் வண்டியின் மூளை, 1998 இல் வந்த 'ஐமேக்' கம்பியூட்டரின் சிப் குடும்பத்தைச் சேர்ந்தது. கதிர்வீச்சைத் தாங்கப் பலப்படுத்தியது, வேகம் 200 மெகாஹேர்ட்ஸ் அளவு. 2002 இல் நாசா, விண்கல ரொக்கெட்டுகளைச் சோதிக்கும் கருவிகளுக்காகப் பழைய 8086 சிப்களைத் தேடி இணைய ஏலத்தில் குதித்தது. நாசாவே பழைய இரும்புக்கடை ஏறியிருக்கிறது ஐயா!

நம் ஊரில் இந்த வித்தை வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2022 மார்ச்சில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பி, இரண்டு மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. புதுக் கம்பியூட்டர் கனவாகிப் போனது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஏறியவர்கள் எத்தனை பேர்! ரீகண்டிஷன் பெட்டிகளுக்கு மவுசு வந்தது. அப்போது கைகொடுத்த ஒரு தந்திரத்தைச் சொல்லாமல் விடமாட்டேன். 'கோர் 2' காலத்துப் பழைய மதர்போர்ட் வீட்டில் கிடக்கிறதா? அதே காலத்துப் பெரிய சேர்வர்களில் ஓடிய நாலு மூளை 'சியோன்' சிப், சேர்வர்கள் கழிந்துபோனதும் அடிமாட்டு விலைக்கு வந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமாக இரண்டே இரண்டு மின்முனைகள் இடம் மாறியிருப்பதுதான்! அந்த இரண்டையும் மாற்றி இணைக்கும் நகத்தளவு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, சொக்கெட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களை பிளேடால் சீவி எடுத்தால் சேர்வர் மூளை வீட்டுப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிடும். எல்லா போர்டும் ஏற்காது, முதலில் உங்கள் போர்டின் பெயரை வைத்து விசாரியுங்கள்.

நானும் கை வைத்துப் பார்த்தவன். அத்லோன் சிப் ஒன்றைக் கழற்றும்போது பின்னாலிருந்த ஊசிகளில் ஆறேழு வளைந்துவிட்டன. கடைக்காரர் "எறிஞ்சிடுங்க தம்பி" என்றார். ஈயக்குச்சி போட்டு எழுதும் பென்சிலின் வெறுங்குழாயை ஒவ்வொரு ஊசிக்கும் தொப்பி மாதிரி மாட்டி மெல்ல மெல்ல நிமிர்த்தினேன். ஓடியது! அன்றைக்கும் பென்சில்தான் காப்பாற்றியது. பிறகு ஆசை மிஞ்சி மின்னழுத்தத்தை ஏற்றியதில் போர்டிலிருந்த கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்தன, அது வேறு கதை. 2000 ஐ ஒட்டிய வருடங்களில் வந்த போர்டுகளில் மட்டமான கெப்பாசிட்டர்கள் ஏராளம். தலை உப்பியிருந்தால் வேகம் ஏற்றுகிற எண்ணத்தை அன்றைக்கே விட்டுவிடுங்கள். லைட் மங்கி மங்கி எரியும் வீடென்றால், புரொசசரைத் தொடுவதற்கு முதல் நல்ல பவர் சப்ளை ஒன்றுக்குக் காசு சேருங்கள்.

அடுத்த முறை பழைய இரும்பு எடுக்கிறவர் லயத்துப் பக்கம் கூவிக்கொண்டு வந்தால், மூலையில் கிடக்கும் பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். மூடியைக் கழற்றி, ஃபேனை எடுத்து, காய்ந்துபோன பசையைத் துடைத்துவிட்டு, சிப்பின் நெற்றியில் என்ன எண், எந்த ஊர் என்று பாருங்கள். 300 ஏ என்றிருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த மூட்டையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.